எட்டிப்பார்

அது சுத்திக்கிட்டேதான் சார் இருக்கும். வரிச்சியூர் தாண்டுற வரைக்கும் டவர் வராது. வச்சிருங்க, அப்புறம் பார்த்துக்கலாம்.

மன்னிச்சுக்கங்க. பக்கத்து சீட்டுக்காரர் போனைப் பார்க்கிறது மரியாதை இல்லதான். ஆனா விளையாட்டுல 'ஆட்களைத் தேடுகிறது'ன்னு போட்டு அந்த வட்டம் சுத்துச்சுன்னா எனக்குக் கண்ணு தன்னால அங்கிட்டுப் போயிருது. அந்த வேலையை நான் எட்டு வருஷம் பார்த்திருக்கேன். எங்க ஆட்டம் நடக்குது, எங்க ஆளு இருக்குன்னு தேடிக் குடுக்கிற வேலை. சம்பளத்துக்கு இல்ல. சும்மா, என் ஆசைக்கு.

நீங்க சாப்ட்வேர்தானே? ஐடி கார்டுக் கழுத்துப்பட்டை சட்டைப் பையில இருந்து தொங்குது. அப்பச் சொன்னா புரியும். புரியலைன்னா நிறுத்தச் சொல்லுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.

என் பேரு தெய்வநாயகம். மதுரையில ஒரு பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கிறேன். வாத்தியார் இல்ல, லேப் இன்ஸ்ட்ரக்டர். அப்ப ஒரு துப்பாக்கி விளையாட்டு இருந்துச்சு சார். பழைய கோட்டை ஒண்ணு, அதுக்குள்ள எட்டுப் பேரு, பதினாறு பேரு ஓடி ஓடிச் சுட்டுக்கிறது. அம்புட்டுதான். இப்ப உள்ள மாதிரி எல்லாம் கம்பெனி மெஷின்ல ஓடாது. யாரு வேணா தன் வீட்டு மெஷின்ல ஒரு களத்தைத் திறந்து வச்சுக்கலாம். சர்வர்னு சொல்லுவோம். போலந்துல ஒருத்தன் திறந்து வச்சிருப்பான், பிரேசில்ல ஒருத்தன் வச்சிருப்பான். எதெது திறந்திருக்குன்னு சொல்ற பட்டியல் மட்டும் அந்தக் கம்பெனிகிட்ட இருந்துச்சு. கம்பெனி நொடிச்சுப் போச்சு, பட்டியலை நிறுத்திட்டாங்க. விளையாட்டு இருக்கு, களம் இருக்கு, ஆடுறதுக்கு ஆளும் இருக்கு. யாரு எங்க இருக்காங்கன்னு மட்டும் யாருக்கும் தெரியாது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்துல கைய விட்ட மாதிரி ஆகிப்போச்சு.

நான் ஒரு புரோகிராம் எழுதுனேன். சின்னதுதான். தெரிஞ்ச சர்வர் ஒவ்வொண்ணுக்கும் போயி 'உள்ள ஆள் இருக்கா'ன்னு கேட்கும். எத்தனை பேரு, என்னென்ன பேரு, பதில் வந்து சேர எம்புட்டு நேரம். இந்த மூணையும் வாங்கி வரிசையாப் போட்டுக் காட்டும். அவ்வளவுதான். ஆனா ஒரே மாசத்துல ஆயிரம் பேரு எடுத்துப் போட்டாங்க சார். வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் எழுதுறான், 'உன்னால என் பழைய கூட்டாளி நாலு பேரு கிடைச்சாங்க'ன்னு. எனக்கு அதைவிட என்ன வேணும்?

அப்பத்தான் ரூபன் எழுதுனான். நிமலரூபன். இலங்கைத் தமிழன், நார்வேயில வடக்குக் கோடியில ஏதோ ஒரு சின்ன ஊரு, மீன் ஃபேக்டரியில வேலை. என்னைவிடப் பத்துப் பன்னெண்டு வயசு சின்னவன். பேச்சுல ரெண்டு பேருக்கும் எப்பவும் 'நீங்க'தான். இப்ப உங்ககிட்டச் சொல்றப்ப 'அவன்'னு வருது, பாருங்க. முதல் மெயில்ல என்ன எழுதியிருந்தான்னா, 'அண்ணை, உங்கட புரோகிராமில என்ர ஆக்களின்ர பேர் எல்லாம் கேள்விக்குறியாத் தெரியுது. நான் திருத்தித் தரலாமோ?' அப்படின்னு. அவன் சர்வர்ல பேரெல்லாம் தமிழ் எழுத்துல இருந்திருக்கு. என் புரோகிராமுக்குத் தமிழ் படிக்கத் தெரியல. நான் எழுதுனதுதான், எனக்கே வெக்கமாப் போச்சு. சரின்னேன். ரெண்டே நாள்ல திருத்திக் குடுத்துட்டான்.

அதுல இருந்து நாலு வருஷம் சேர்ந்து செஞ்சோம். பேரு வாங்குற பாகம் பூரா அவன் எழுதுனது. நேரம் அளக்குற பாகம் நான். 'எட்டிப்பார்'னு பேரும் நான்தான் வச்சேன். அதாவது அவன் சொன்னான், நான் வச்சேன். வெளிநாட்டுக்காரனுக்கு வாயில நுழையாது, 'எட்டி, எட்டி'ம்பான். சாயங்காலம் நான் லேப்பைப் பூட்டுறதுக்கு முன்னாடி, அவனுக்கு அங்க வேலை விட்டு வர்ற நேரம், கொஞ்ச நேரம் எழுதிப் பேசிக்குவோம். எல்லாம் புரோகிராம் பேச்சுதான். ஊரைப் பத்தி அவன் ஒண்ணும் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. நோண்டக் கூடாதுல்ல? ரெண்டாயிரத்து ஒன்பது மே மாசம் ஒரு மூணு வாரம் ஆளையே காணோம். திரும்பி வந்து, 'அண்ணை, அந்தப் பதிமூன்றாம் வரியில ஒரு பிழை இருக்கு' அப்படின்னான். நானும் பதிமூணாவது வரியைத்தான் பார்த்தேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

எதுக்கு ஒரு பட்டியல் வந்தாலும் அதுல பொய்யும் கூடவே வரும் சார். காலியாக் கிடக்குற களத்துக்குள்ள யாரும் போக மாட்டாங்கள்ல? அதனால சர்வர் வச்சிருக்கிறவன் என்ன பண்ணுவான்னா, மெஷினே ஓட்டுற பொம்மை ஆளுகளைப் பத்து விட்டுருவான். பட்டியல்ல 'பத்துப் பேர்'னு தெரியும். ஆசையா உள்ள போனா அம்புட்டும் பொம்மை. புகார் மேல புகார். நான் பொய்க்கு எதிரி சார், வீட்டுல கேட்டாலும் சொல்லுவாங்க. ஒரு விதி போட்டேன், நாலாவது விதி. பொம்மையை ஆள்னு கணக்குக் காட்டுற சர்வர் பட்டியல்ல இருக்காது. மன்னிப்புக் கிடையாது. எப்படிக் கண்டுபிடிப்பேன்னு கேக்குறீங்களா? பதில் வர்ற நேரம். மனுசன்னா அவன் எங்கயோ ஒரு ஊர்ல உட்கார்ந்திருப்பான். அங்க இருந்து வர ஒரு தூரம் இருக்கும், கொஞ்சமாவது நேரம் ஆகும். பொம்மை அந்த மெஷினுக்குள்ளயே இருக்கு. அதுக்கு நேரம் பூஜ்யம்.

ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல ஒரு போலந்துக்காரன் புகார் எழுதுறான். 'ஏழு கதிரை'ன்னு ஒரு சர்வர், எப்பப் பார்த்தாலும் ஆறு பேரு, அதே ஆறு பேரு, நேரம் பூஜ்யம். உன் விதி உன் கூட்டாளிக்குக் கிடையாதான்னு கேக்குறான்.

கதிரைன்னா இலங்கைத் தமிழ்ல நாற்காலி. ஏழு கதிரை ரூபனோட சர்வர்.

நான் சும்மா நடவடிக்கை எடுக்கல சார். உள்ள போயிப் பார்த்தேன். ஆறு பேரு இருந்தாங்க. நேசன், குகதாஸ், றஜீவன், வாகீசன், சிவமலர், கிளி. தமிழ்லயே பேரு. வணக்கம்னு எழுதுனேன், பதில் இல்ல. ஒரு வித்தியாசம் என்னன்னா, மத்த பொம்மைங்க ஆளைக் கண்டா உடனே சுடும். இதுங்க சுடல. துப்பாக்கியே கையில இல்ல. கோட்டை முற்றத்துல இங்கிட்டும் அங்கிட்டும் நடந்துச்சுங்க. அப்புறம் பைய என் பக்கத்துல வந்து நின்னுச்சுங்க. ஆறும் வந்து சுத்தி நின்னுச்சு. எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, வெளிய வந்துட்டேன்.

அதுக்கு முந்தின வாரந்தான் ஒருத்தன், ஆடுறவங்க பேசிக்கிற இணைய மன்றத்துல எழுதியிருந்தான், எட்டிப்பார்ல உருப்படியான பாகம் பூரா ரூபன் எழுதுனது, தெய்வநாயகம் பேரு மட்டுந்தான் மேல இருக்குன்னு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. முன்னாடியே சொல்லிடறேன். நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல.

திங்கக்கிழமை பட்டியலைப் புதுப்பிச்சேன். ஏழு கதிரையை எடுத்துட்டேன். அவன்கிட்ட முன்கூட்டிச் சொல்லல. சொன்னா கெஞ்சுவான், கெஞ்சுனா இளகிருவேன். அப்புறம் விதின்னு எதுக்கு இருக்கு? கூட்டாளிக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா? நீங்க சொல்லுங்க.

புதன்கிழமை மெயில் வந்துச்சு. 'அண்ணை, பட்டியலில என்ர சர்வரைக் காணேல்லை. ஏதும் பிழையோ?' நான் நாலாவது விதியை எடுத்து ஒட்டி அனுப்பிட்டேன். அடுத்த நாளே இன்னொண்ணு. 'விளங்குது அண்ணை. நீங்கள் சொல்லுறது சரிதான். அப்பிடியெண்டால் ரெண்டு கட்டமாப் போடுவமோ? ஆக்கள் எத்தினை, பொம்மை எத்தினை எண்டு. ஒருத்தரும் ஏமாற மாட்டினம்.' நான் முடியாதுன்னுட்டேன். ஒருத்தனுக்காக இத்தனை பேரு பார்க்குற பட்டியலை மாத்துறதா? மாத்துனா என்ன சொல்லுவாங்க? மூணாவதா ஒரு மெயில் வந்துச்சு, நீளமா. அதுக்கும் அதே விதியைத்தான் அனுப்புனேன். அதோட அவன் எழுதுறதை நிறுத்திட்டான்.

எனக்கு அதான் சார் மனத்தாங்கல். நாலு வருஷம் பழகியிருக்கான். அது சாதாரண பொம்மை இல்ல, இன்ன விஷயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன கல் நெஞ்சனா? சொன்னாத்தானே தெரியும்.

கொஞ்சம் தள்ளி உட்காருங்க, அந்தம்மா பையை வைக்கட்டும். ஆங்.

ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அவன் எழுதுன பாகத்துல ஏதோ ஒண்ணு வேலை செய்யாமப் போச்சு. நான் பார்த்தேன், பிடிபடல. அவன் எழுதுனது அவனுக்குத்தானே தெரியும். மெயில் போட்டேன். 'ரூபன், நலமா? பேர் வாங்குற பாகம் நின்னுபோச்சு. நேரம் இருக்குறப்பப் பாருங்க' அப்படின்னு. சண்டை ஏதும் இல்லாத மாதிரி எழுதுனேன். பெருந்தன்மையாத்தான் எழுதுனேன்.

பத்து நாள் கழிச்சுப் பதில் வந்துச்சு. அவன் எழுதல, அவன் அக்கா தவமலர்னு ஒருத்தங்க, ஒஸ்லோவுல இருக்காங்க. 'தம்பி மாரடைப்பில இறந்து ஐஞ்சு மாதம். வேலைக்குப் போற பஸ்ஸில. கடைசித் தரிப்பிடத்தில சாரதி எழுப்பிப் பார்த்துத்தான் தெரிஞ்சது. முப்பத்திரண்டு வயசு. நீங்கள் அவரோட புரோகிராம் செய்த அண்ணை எண்டு சொல்லியிருக்கிறார்.' அதுக்குக் கீழே இன்னொண்ணு கேட்டிருந்தாங்க. 'அவற்ர அறையில ஒரு மெஷின் தனிய ஓடிக்கொண்டிருந்தது. என்னண்டு எனக்குத் தெரியேல்லை, வயரைக் கழட்டிப்போட்டன். அது முக்கியமானதோ?'

முக்கியமில்லைன்னு எழுதுனேன். வேற என்ன எழுதுறது? துக்கத்துல இருக்குற பொம்பளைகிட்ட.

அன்னைக்குத்தான் அந்த மூணாவது மெயிலைத் தேடி எடுத்தேன்.

இருங்க, அவன் சொல்லல, சொல்லலன்னு சொன்னேன்ல. சொல்லியிருந்தான் சார். மூணாவது மெயில்ல பூராவும் எழுதியிருந்தான். நான்தான் அப்ப முழுசாப் படிக்கல. ஏன்னா முதல் வரியே 'அண்ணை, அந்த ஆறு பேரும் பொம்மையெண்டது உண்மைதான், நான் மறுக்கேல்லை'ன்னு இருந்துச்சு. அவனே ஒத்துக்கிட்டான், அதுக்கு மேல என்ன படிக்கன்னு விட்டுட்டேன். ஒரு நாளைக்கு இருபது பேரு மெயில் போடுவாங்க சார். ஆளுக்கு ஒரு காரணம் சொல்லுவாங்க. எல்லாத்தையும் படிச்சா முடியுமா?

எனக்கு அது இப்ப மனப்பாடம்.

'கிளிநொச்சியில ஒரு கொம்பியூட்டர் வகுப்பில ஏழு கதிரை இருந்தது. ஏழு மெஷினையும் வயர் போட்டுத் தொடுத்து, படிப்பிக்கிற சேர் போனாப் பிறகு இந்த விளையாட்டை விளையாடுவம். பிறகு சண்டை தொடங்கிச்சு. எல்லாரும் ஒவ்வொரு பக்கமாப் போனம். அந்த ஏழு பேரில நான் எங்க இருக்கிறன் எண்டது மட்டும்தான் எனக்குத் தெரியும். மற்ற ஆறு பேரும் இருக்கினமோ இல்லையோ தெரியாது. பயத்தில ஒருத்தரும் சொந்தப் பேரில வெளியில வரமாட்டினம். ஆராவது உயிரோட இருந்து, எங்கையாவது இந்த விளையாட்டைத் திறந்தால், தன்ர பேரைப் பட்டியலில கண்டிட்டு உள்ளுக்க வரட்டும் எண்டுதான் அந்தப் பேருகளைப் போட்டு வைச்சனான்.

'போன ஞாயிறு ஒராள் வந்திருக்கிறான் அண்ணை. நான் வேலையில நிண்டிட்டன். நாலு நிமிஷம் உள்ளுக்க நிண்டிருக்கிறான். ரூபன், நான் நேசன் எண்டு எழுதியிருக்கிறான். இந்தியாவில இருந்து எண்டு மட்டும் தெரியுது. பிறகு லைன் அறுந்திட்டுது. அவன் திரும்பி வருவான். வந்தால் உங்கட பட்டியலிலதான் தேடுவான், அவனுக்கு வேற வழி தெரியாது. தயவுசெய்து திரும்பப் போட்டுவிடுங்கோ. ஒரு மாதத்துக்கு மட்டும் எண்டாலும் போதும்.'

இதுக்கு நான் அனுப்புன பதில் நாலாவது விதி. இங்கிலீஷ்ல. எல்லாருக்கும் அனுப்புறது.

படிச்ச அன்னைக்கே ஏழு கதிரையைத் திரும்பப் பட்டியல்ல போட்டேன் சார். ஆனா அங்க மெஷின் ஓடலையே. புரோகிராம் போயிக் கேட்கும், பதில் வராது. பதில் வராத சர்வரை அதுவே கீழ தள்ளிரும், அது நான் எழுதுன விதி இல்ல, அது அப்படித்தான்.

இதோட முடிஞ்சிருந்தாக்கூடப் பரவாயில்ல. செத்தவன் செத்துட்டான், எழுதுன மெயிலைப் படிக்காதது என் தப்பு, மறைக்கல, அதோட போயிருக்கும். அடுத்த வருஷம் ஒரு மெயில் வந்துச்சு. போன்ல இருந்து தட்டித் தட்டி எழுதுனது, பாதி எழுத்துப் பிழை. 'எட்டிப்பார் வைச்சிருக்கிற ஐயாவுக்கு. ஏழு கதிரை எண்ட சர்வரை முந்தி உங்கட பட்டியலில ஒருதரம் கண்டனான். அதை வைச்சிருக்கிற ரூபனை உங்களுக்குத் தெரியுமோ? என்ர பேர் நேசன்.'

எங்க இருந்து எழுதுறார்னு நினைக்கிறீங்க? கனடா இல்ல, லண்டன் இல்ல. இந்தா, இந்த சிவகங்கை ரோட்டுல இருக்குற அகதிகள் முகாம். எங்க லேப்ல இருந்து முக்கால் மணி நேரம். ரெண்டாயிரத்து ஆறுலயே மன்னார்ல படகு ஏறி வந்துட்டாராம். பெயிண்ட் அடிக்கிற வேலை.

நேர்ல போனேன் சார். மெயில்ல சொல்ற விஷயமா அது? ஒல்லியா, நகக்கண்ணு பூரா வெள்ளைச் சுண்ணாம்போட வந்து, முகாமுக்கு ரோடு பிரியுற விலக்குல நின்னாரு. என் கையைப் பிடிச்சதும் விடவே இல்ல. 'ரூபனோட வேலை செய்த அண்ணையோ, ரூபனோட வேலை செய்த அண்ணையோ'ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. வீட்டுக்குள்ள கூட்டிப் போயி, பிளேன் டீ குடுத்து, ஒரே ஒரு கதிரைதான் இருந்துச்சு, அதுல என்னை உட்கார வச்சுட்டு அவர் தரையில உட்கார்ந்துக்கிட்டாரு. ரூபன் இறந்துட்டான்னு சொன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாயோட ஓரத்தைத் தடவிக்கிட்டே இருந்தாரு. அவர் சம்சாரம் கதவுகிட்ட நின்னவங்க உள்ள போயிட்டாங்க.

அப்புறம் அவரே சொன்னாரு. ஏதோ மனுப் போடுறதுக்குச் சிவகங்கையில ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்காரு. பக்கத்து மெஷின்ல பையன்க இந்த விளையாட்டையும் எட்டிப்பாரையும் ஏத்தி வச்சிருந்திருக்காங்க. பழைய ஞாபகத்துல திறந்தவரு பட்டியல்ல பார்த்தா, ஏழு கதிரை. உள்ள அவர் பேரே இருக்கு. 'என்ர பேரை நானே பார்க்கிறன் அண்ணை'ன்னாரு. உள்ள போயி ரூபன், நான் நேசன்னு எழுதியிருக்காரு. ஆறு பேரும் வந்து சுத்தி நின்னிருக்காங்க. இவரோட பேர்ல ஒண்ணு நின்னு இவரையே பார்த்துக்கிட்டு இருந்துச்சாம். அப்பக் கரண்டு போயிருச்சு. அப்பெல்லாம் பத்து மணி நேரம் கரண்டு இருக்காதுல்ல, ஞாபகம் இருக்கா? அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் கரண்டு வரல. ஆறு மணிக்கு முகாம்ல ஆள் கணக்கு எடுப்பாங்க, அதுக்குள்ள திரும்பியாகணும்.

'அடுத்த ஞாயிறு போனன். இல்லை. அதுக்கடுத்த ஞாயிறு போனன். எட்டு ஞாயிறு போனன் அண்ணை. பட்டியலை மேலயிருந்து கீழ வரைக்கும் வாசிப்பன். பிறகு யோசிச்சன், நான் கண்டதே பொய்யாக்கும் எண்டு.'

எட்டு ஞாயிறு. ரூபன் என்கிட்டக் கேட்டது ஒரு மாசம்.

கடைசியா அவர் என்னைப் பார்த்துக் கேட்டாரு சார். 'அண்ணை, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஏன் அது திடீரெண்டு இல்லாமல் போனது?'

ரூபன் மெஷின் பழுதாகியிருக்கும்னு சொன்னேன். அந்த ஊர்க் குளிருக்கு மெஷின் நிக்கிறது சகஜம்னு சொன்னேன்.

அது பொய்யின்னு சொல்லாதீங்க. அவர் இருந்த நிலையில உண்மையைச் சொல்லி என்ன ஆகப் போகுது? நானா அவங்களைப் பிரிச்சேன்? சண்டை பிரிச்சுச்சு, கரண்டு பிரிச்சுச்சு. நான் ஒரு விதியைப் பின்பத்துனேன். அவர் உடனே நம்பிட்டாரு. 'ஓம், அவன் பழைய மெஷினைத்தான் வைச்சுக்கொண்டு மினக்கெடுவான்'னு சொல்லிச் சிரிச்சாரு. கண்ணுல தண்ணி, ஆனா சிரிச்சாரு. நான் டீக் கிளாஸைக் கீழ வச்சுட்டுக் கிளம்புனேன்.

வீட்டுக்கு வந்து அந்த ரெண்டு கட்டத்தை எழுதுனேன். ஆட்கள் எத்தனை, பொம்மை எத்தனை. அரை மணி நேரம்கூட ஆகல சார். நடுவுல ஒரு போன் வேற பேசினேன். ஒருத்தன்கூடக் குறை சொல்லல. அந்தப் போலந்துக்காரன், நல்லாருக்குன்னு எழுதுனான்.

அப்புறம் மூணு தடவை முகாமுக்குப் போனேன். என் பழைய லேப்டாப் ஒண்ணைக் கொண்டு போயிக் குடுத்தேன். மத்த அஞ்சு பேருல ரெண்டு பேரு இறந்தது அவருக்கு உறுதியாத் தெரியும். மூணு பேரு தெரியாது. போறப்பல்லாம் தவமலர் அக்கா நம்பர் கேட்பாரு. தேடிப் பார்க்கிறேன், தேடிப் பார்க்கிறேன்னு சொல்லிக்கிட்டு வந்தேன். நம்பர் என் போன்லதான் இருக்கு. முகாம்ல எல்லார்கிட்டயும் என்னை எப்படிச் சொல்லுவாருன்னா, 'எங்கட ரூபனுக்குத் தமையன் மாதிரி' அப்படிம்பாரு. அதைக் கேட்டுட்டு நான் தலையாட்டுவேன். பின்ன, மறுத்தா மரியாதை இல்லையே.

போன மாசம் அவரே போன் பண்ணுனாரு. முகாம்ல யாரோ ஒருத்தருக்கு ஒஸ்லோவுல சொந்தக்காரங்க, அவங்க மூலமா அக்காவைப் பிடிச்சுட்டாரு. 'அண்ணை, தவமலர் அக்காவோட கதைச்சனான். அவன் செத்து நாலாம் நாள் அறையைக் காலி பண்ணேக்கையும் அந்த மெஷின் ஓடிக்கொண்டுதானாம் இருந்தது. ஒரு நாளும் நிண்டதில்லையாம். பழுதெண்டு அவன் சொன்னதேயில்லையாம்.' கோவக் குரலே இல்ல சார். கோவப்பட்டிருந்தா நானும் பதிலுக்கு ஏதாச்சும் பேசியிருப்பேன். 'ஞாயிற்றுக்கிழமை ஒருக்கா வாங்கோ அண்ணை. சாப்பிட்டிட்டுப் போகலாம்'னு சொல்லிட்டு வச்சுட்டாரு.

அதுக்குத்தான் கிளம்புனேன். சட்டைப் பையில அந்த மூணாவது மெயில் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன், இந்தா. கையில குடுத்துட்டாப் போதும். அவரே படிச்சுக்குவாரு. ரூபன் எழுதுனது, ரூபனே சொன்ன மாதிரி இருக்கும். நான் வாயைத் திறக்க வேண்டியதில்ல. கீழ தேதி இருக்கு, என் பதிலும் இருக்கு. நேர்மையாத்தானே இருக்கேன்?

இல்ல சார், முகாம் பூவந்திக்கு அடுத்த விலக்கு. அது போயி இருபது நிமிஷம் ஆச்சு. கண்டக்டர் கூப்பிட்டது காதுல விழுந்துச்சு. நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்க, பாதியில எப்படி எந்திரிக்கிறதுன்னு உட்கார்ந்துட்டேன்.

உங்க மேல பழி போடல. போன ஞாயிறும் இப்படித்தான். அதுக்கு முந்தின ஞாயிறும். அன்னைக்குப் பக்கத்துல யாருமே இல்ல. டிக்கெட்டே சிவகங்கைக்குத்தான் எடுக்கிறேன். பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஒரு டீயைக் குடிச்சுட்டு, அடுத்த வண்டியைப் பிடிச்சு மதுரைக்குத் திரும்பிருவேன். திரும்பிப் போறப்பவும் அந்த விலக்கு வரும்.

ஒரு மணிக்கு அவர் போன் பண்ணுவாரு. சோறு போட்டு மூடி வச்சுட்டு, சம்சாரத்தையும் சாப்பிட விடாம உட்கார்ந்திருப்பாரு போல. 'எங்க அண்ணை நிக்கிறீங்கள்?'னு கேட்பாரு.

வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லுவேன்.